ஒன்பதாவது அடி

எட்டு அடி. ஒன்பது இல்லை.

இடி அந்த வரியை இன்னொரு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தான். கைபேசிக் கண்ணாடிமேல் கட்டைவிரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளி, விட்டுப்போனதைத் திரும்பிப் பிடித்து, கடைசிவரைக்கும் வந்தான். முகம் தெரியாத யாரோ ஒரு ரசிகன் எழுதியிருந்தான்: 'ஆறாவது பாட்டுல சம்மட்டி ஒன்பது தடவை விழுது. கேசட்டுல எட்டுதானே இருந்துச்சு? மூணு தடவை எண்ணிட்டேன்.'

மதியச் சாப்பாட்டு நேரம். தகரப் பட்டறையில் எல்லா மிஷினும் வாயை மூடிக் கிடந்தன. அவை ஓடும்போது தெரியாத சத்தமெல்லாம் இப்போதுதான் வெளியே வரும். கூரைத் தகடு வெயிலில் நெளியும், காற்றுக்குழாய் எங்கோ சீறும், எண்ணெய்ச் சொட்டு ஒன்று தட்டில் விழுந்து, அடுத்த சொட்டுக்கு யோசிக்கும். கிரீஸ் வாடை, சூட்டிரும்பு வாடை, சட்டையில் காய்ந்த வியர்வை வாடை. தகட்டை அழுத்தி வெட்டுகிற பெரிய பிரஸ்ஸின் காலடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான் இடி. இருபத்து மூன்று வருஷமாக அவனுக்கு அந்த பிரஸ்தான். இலகுவான வேலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று மேஸ்திரி எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவன் நகரவில்லை. அது போடுகிற போட்டில் இடது காது எப்போதோ செத்துவிட்டது. அப்படியும் நகரவில்லை.

இடி என்பது பட்டறையில் வைத்த பெயர். அந்தக் காலத்தில் இதே பட்டறை ஆட்கள் நாலு பேர் சேர்ந்து 'உலைவாய்' என்று ஒரு ஹெவி மெட்டல் குழு வைத்திருந்தார்கள். டிரம்ஸ் அடித்தவன் இடி. கிடார் வாசித்த ஒல்லிக்குச்சி கம்பி. பேஸ் வாசித்தவன் நெட்டை, அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகிறது. பாடினவன் தொண்டை. அவன் வாயைத் திறந்தால் கூரைத் தகடு அதிரும் என்பது வெறும் பேச்சில்லை, நிஜமாகவே அதிரும். நாலு பேரும் சேர்ந்து போட்டது ஒரே ஒரு ஆல்பம், பெயர் 'துரு'. கேசட்டாக வந்து, கை மாறி, தேய்ந்து, காணாமல் போயிருந்தது. இப்போது யாரோ ஒரு கம்பெனிக்காரன் பழைய டேப்பைத் தேடி எடுத்து, சத்தத்தைத் துலக்கி ரீமாஸ்டர் செய்து வெளியிட்டிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை வந்தது. அன்றிலிருந்து கம்பிக்குத் தரையில் கால் இல்லை. ரசிகர்கள் எழுதுகிற கருத்துகளை ஒன்று விடாமல் இவனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான்.

இடிக்குப் படிப்பு கல்யாணத்துக்குப் பிறகு வந்தது. மனைவிதான் சொல்லிக்கொடுத்தாள். ஆகவே எந்த வரியும் அவனுக்குள் சட்டென்று இறங்காது. ஒரு எழுத்து, இன்னொரு எழுத்து, பிறகுதான் சொல். நல்ல செய்தியும் மெதுவாக வரும். கெட்டதும் மெதுவாகத்தான் வரும்.

பாதி பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பேஸ் இப்போதுதான் காதில் விழுகிறது, நெட்டைக்குச் செத்த பிறகாவது நியாயம் கிடைத்தது என்று ஒருவன். சத்தத்தை ஓவராக ஏற்றிவிட்டார்கள், தலைவலி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம் என்று இன்னொருவன். கேசட்டில் இருந்த அழுக்குதான் அழகு, இது குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பன்றி என்று மூன்றாமவன். இடி சிரித்துக்கொண்டேதான் வந்தான். இந்த ஒன்பதாவது அடியில் வந்து சிரிப்பு நின்றது. அதன் கீழே ஒருவன் பதில் போட்டிருந்தான்.

'ஒன்பதுதான். நாலாவது அடிக்கு அப்புறம் கவனி. டிரம்மர் இழுக்குறான், தாளம் பிந்துது.'

சங்கு ஊதியது. மிஷின்கள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டன. பிரஸ்ஸின் முதல் போடு தரைக்குள் இறங்கி, அவன் பாதம் வழியாக மேலே ஏறி, பல்லில் வந்து நின்றது.

சாயங்காலம் கம்பி வீட்டுக்கு வந்தான். தோளில் சம்மட்டி.

பட்டறைச் சம்மட்டிதான். 'சம்மட்டி' என்ற ஆறாவது பாட்டில் டிரம்ஸ் போதாதென்று இடி நிஜச் சம்மட்டியால் இரும்புத் தகட்டில் எட்டு அடி போடுவான், அந்தப் பாட்டுக்குப் பேரே அதனால்தான். புது அட்டைப்படத்துக்காக அதைப் போட்டோ எடுக்கப் போன மாசமே கேட்டு வாங்கியிருந்தார்களாம். எடுத்து முடிந்தது, நாளைக்குப் பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டுவிடு என்று கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தான் கம்பி. சாத்தும்போது தரையில் 'தக்' என்றது. இடியின் மனைவி, அடுப்படியில் இருந்தவள், திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பதா எட்டா என்று இடி கேட்டான், வேடிக்கைபோல. கம்பி அதற்குத்தான் காத்திருந்தவன்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அது பெரிய கதைடா மாப்ள. கலந்து முடிச்ச டேப்பு பூஞ்சை பிடிச்சுப் போச்சாம். அதனால முதல்ல தனித்தனியா பதிவு பண்ணின பதினாறு தடத்தையும் திறந்து, புதுசா கலந்திருக்கான். அதுல ஒரு தடம், அன்னிக்கு நமக்குப் பதிவு பண்ணின டேப்காரர் தொடவே இல்லையாம். பட்டறை மூலைல ஒரு காலி எண்ணெய்ப் பீப்பா இருக்குமே, ஞாபகம் இருக்கா? எதிரொலி நல்லா விழும்னு அதுக்குள்ள ஒரு மைக்கைக் கயித்துல கட்டி இறக்கி வெச்சிருக்காரு மனுஷன். நமக்கெல்லாம் சொல்லவே இல்ல. அதுல உன் அடி அப்படியே, பச்சையா இருக்காம். தகட்டுல அடிச்சதைவிட கனமா இருக்குன்னு அதையும் சேர்த்துட்டானாம்."

 இடியின் வலது கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. டிரம்ஸின் மிதிகட்டையை அழுத்திப் பழகிய கால் அது. மனசுக்குள் ஏதாவது ஓடினால் தானாகத் தட்டும். அந்தக் காலை ஆணி அடித்துத்தான் வைக்க வேண்டும் என்று மனைவி கேலி செய்வாள்.

"நீ கேட்டியா?" என்றான்.

"பத்து தடவை கேட்டேன். எனக்கு எட்டுதான் கேக்குது. இவனுங்க எல்லாம் கஞ்சா அடிச்சுட்டு எண்ணுறானுங்கபோல."

கம்பி போன பிறகு இடி கதவுப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான்.

பீப்பாய். அது அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் யோசித்து, எல்லாவற்றையும் கழுவி, எல்லாவற்றையும் மூடினவனுக்குப் பீப்பாய் தெரியாது.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பட்டறை விடுமுறை, பட்டப்பகல். சம்மட்டி அடியை மட்டும் பதிய வேண்டியிருந்தது. டேப்காரருக்கு ஒரு பழக்கம். சம்மட்டிச் சத்தம் காதைக் குத்துகிறது என்று டேப்பை ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்ப் புகை பிடித்து, அரை மணி கழித்துத்தான் வருவார். ஆள் பார்க்காதபோது விழுகிற அடிதான் நல்ல அடி என்பார். உள்ளே இடியும் தொண்டையும் மட்டும். தொண்டை பாட்டுத்தாளை மடித்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னான். நீ இழுக்கிறாய் மச்சான், நாலு வரைக்கும் சரியாக இருக்கிறது, அதற்கப்புறம் இழுக்கிறாய், டிரம்ஸை வேறு ஆளை வைத்து அடித்துக்கொள்ளலாம் என்று நாங்கள் பேசிவிட்டோம். சொல்லிவிட்டு, கீழே விழுந்த தாளை எடுக்கக் குனிந்தான்.

சம்மட்டி கையில் இருந்தது. அவ்வளவுதான்.

முதல் அடிக்குப் பிறகு இடிக்கு மைக் ஞாபகம் வந்தது. தகட்டுக்கு முன்னால் நின்ற அந்த ஒரே மைக். போய் ஒயரைப் பிடுங்கினான். அதைத்தான் இன்றுவரை அவனால் நினைக்க முடியவில்லை. கோபத்தில் விழுந்தது ஒரு அடி. ஒயரைப் பிடுங்கிவிட்டுத் திரும்பி வந்தது அவன். இரண்டு. மூன்று. நாலு. நாலாவதுக்குப் பிறகு தொண்டை, அந்தக் கூரை அதிரப் பாடுகிறவன், தூங்கி எழுந்த குழந்தைபோல ஒரு குரலில் ஏதோ சொன்னான். இடியின் கை அப்படியே நின்றது. நின்று, பிறகு இறங்கியது. ஐந்தாவது. அங்கேதான் இழுத்தது.

மொத்தம் ஒன்பது.

பெரிய பிரஸ்ஸுக்கு அஸ்திவாரக் குழி தோண்டி வைத்திருந்தார்கள், மறுநாள் காங்கிரீட். அடி மணலை வாரி எடுத்து, அவனை வைத்து, மேலே மணலைத் தள்ளினான். தரையில் குழாயைத் திறந்துவிட்டு, அதன்மேல் எண்ணெயை ஊற்றினான். டேப்காரர் திரும்பி வந்தபோது, தொண்டை சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான், ஒயரும் கழன்றுவிட்டது, மறுபடி எடுக்கலாம் என்றான். தகட்டில் எட்டு அடி அடித்தான். நல்ல அடி என்றார் அவர். ஆறாவது பாட்டு முடிந்தது.

தொண்டையைத் தேடினார்கள். லாரி ஏறிப் போனான் என்று ஒருவர் சொன்னார், கப்பலில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார். தேடினவர்களில் முன்னால் நின்றவன் இடி. தொண்டையின் தங்கையோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவனும் அவன்தான். ஒன்றரை வருஷம் கழித்து அவளுக்கும் அவனுக்கும் கல்யாணம். வாய்வார்த்தைக்கு மச்சானாக இருந்தவன் நிஜமாகவே மச்சான் ஆனான்.

அவள் இன்றைக்கும் காத்திருக்கிறாள். தெரியாத நம்பரில் இருந்து போன் வந்தால் முதல் மணியிலேயே எடுப்பாள். 'துரு'வை மட்டும் கேட்டதில்லை. அண்ணன் கத்துவதைக் கேட்டால் யாரோ அவனை அறுப்பதுபோல இருக்கிறது, அவன் சும்மா பேசினது எங்காவது பதிவாகியிருந்தால் கொடுங்கள் என்பாள். எங்கும் இல்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை முழுக்கக் கருத்துகள் வந்துகொண்டே இருந்தன. வேண்டாம் என்று நினைத்தாலும் கை போய் எடுத்தது. பிரஸ்ஸில் ஒரு தகட்டை வைத்து எடுக்கிற இடைவெளியில் ஒரு சொல், அடுத்த தகட்டுக்கு இன்னொரு சொல்.

'நாலு நிமிஷப் பாட்டுதானே? எனக்கு ஆறு நிமிஷம் ஓடுது.'

'அடி முடிஞ்ச அப்புறம் தண்ணி ஓடுற சத்தம். செம ஐடியா.'

'எதையோ இழுத்துட்டுப் போறாங்க. கனமான சாமான். மணல் மூட்டையா?'

'எனக்குப் பதினோரு நிமிஷம். கடைசில ஒரு பெரிய மிஷின் ஓடுது. தக்... தக்... தக். ஹெட்ஃபோன்ல கேட்டா மிஷினுக்கு அடியில இருந்து கேக்குற மாதிரி இருக்கு.'

இடியின் கையில் இருந்த தகடு கோணியது. பிரஸ் இறங்கி அதை அப்பளமாக்கியது. மேஸ்திரி தூரத்தில் இருந்து கத்தினார், கை போயிருக்கும் என்று. உள்ளங்கை வெட்டி ரத்தம் சொட்டியது. சொட்டு பிரஸ்ஸின் காலடிச் சிமெண்டில் விழுந்தது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். சிமெண்டில் ஒரு மயிரிழை விரிசல். நேற்று அது இல்லை. ரத்தம் அதன் வழியே போயிற்று, சரசரவென்று, தாகமெடுத்தவன் குடிப்பதுபோல.

கட்டுப் போட்டுக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்கு வந்தான். மனைவிக்குத் தையல் கூடத்தில் வேலை, முடிந்த உருப்படிகளைச் சரிபார்த்து எண்ணிக் கட்டுகிறவள். அன்றைக்கு அவளும் சீக்கிரம் வந்திருந்தாள். கொடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே எண்ணினாள். வீட்டிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஒரே சீராக வரும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் நூல் அளவு கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அவள் டிரம்ஸ் அடித்திருந்தால் என்று இடி ஒரு காலத்தில் நினைத்ததுண்டு.

"சாப்பிட்டியா?" என்று கேட்டான்.

"நீங்க வரட்டும்னு இருந்தேன்" என்றாள். கையைப் பிடித்துக் கட்டைப் பார்த்தாள். மறுபடி துணிக்குப் போனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி அதிர்ந்தது. கம்பி அனுப்பியது. 'பதிமூணாவது நிமிஷத்துல ஒரு ஆள் சாப்பிட்டியான்னு கேக்குறான். பொண்ணு, நீங்க வரட்டும்னு இருந்தேன்ங்குது. மெட்டல் ஆல்பத்துல குடும்பக் கதை எதுக்குடா?' என்று யாரோ. கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக.

 அவன் மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகு முனகியது. குழாய் சொட்டியது. கதவுக்குப் பின்னால் சம்மட்டி. அலமாரி, பானை, தண்ணீர் டிரம். எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. எல்லாம் உள்ளே காலி. எதற்குள் என்ன இறக்கி வைத்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கம்பிக்குப் போன் போட்டு, அந்தப் பாட்டை எடுத்துவிடச் சொல் என்றான். கம்பி சிரித்தான். அதுதான் இப்போது ஆல்பத்திலேயே ஹிட் பாட்டு என்றான். அந்தச் சாப்பாட்டுக் கருத்தை எதற்கு அனுப்பினாய் என்று கேட்டதற்கு, எந்தச் சாப்பாடு, நான் மத்தியானத்துக்கு அப்புறம் எதுவும் அனுப்பவே இல்லையே என்றான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. மனைவி பத்து மணிவாக்கில் கைபேசியோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண்ணில் இருபத்து மூன்று வருஷமாக அவன் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"ஏங்க, இதைப் பாருங்க" என்று அவளே படித்தாள். அவள் படித்தால் தண்ணீர் போல ஓடும். "நாலாவது அடிக்கப்புறம் ஒரு குரல், கொசு பயந்துரும்டா அப்படீங்குது. கொசுவுக்கு மெட்டல்ல என்னடா வேலை, ஹாஹா."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"கொசு நான்தாங்க. சின்ன வயசுல காதுகிட்ட வந்து நொய்நொய்னு பேசுவேன்னு அண்ணன் வெச்ச பேரு. அவனுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. வெளிய சொன்னா கொன்னுடுவேன்னு சொல்லியிருந்தேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கண்ணீர் வந்தது. "அவன் பேசியிருக்கான். என்னைப் பத்திப் பேசியிருக்கான்."

கடைக்குப் போய் நல்ல இயர்ஃபோன் வாங்கி வருகிறேன் என்று புறப்பட்டாள். செருப்புச் சத்தம் படி இறங்கிப் போயிற்று.

தெரு வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. இடி எழுந்து கதவைச் சாத்தினான். கைபேசியை உடைக்கலாம். அவள் கையிலும் ஒன்று இருக்கிறது. ஊர் முழுக்க எல்லோர் கையிலும் இருக்கிறது. தன்னுடையதை எடுத்தான், கை தானாக எடுத்தது. புதுக் கருத்து ஒன்று. எழுத்துக் கூட்டினான். உள்ளங்கை வெட்டு விண்விண்ணென்றது.

'பத்தொன்பதாவது நிமிஷம். இப்ப ஒரு பொம்பளைக் குரலும் இருக்கு. சம்மட்டி மறுபடி ஆரம்பிக்குது.'

இரண்டாவது தடவை படித்தபோதுதான் உள்ளே இறங்கியது. மறுபடி. பொம்பளைக் குரல். சம்மட்டி.

இல்லை என்றான் வாய்விட்டு. அவளை மாட்டேன். அவளைத் தொடமாட்டேன். ஆனால் சொல்லும்போதே கண் கதவுப் பக்கம் போயிற்று. அவள் கேட்பாள். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால்? கை கணக்குப் போட ஆரம்பித்தது, அவன் அல்ல, கை. அவள் உட்காரும் இடம், குனியும் நேரம், ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தில் யார் இருப்பார்கள். இருபத்து மூன்று வருஷம் தூங்கின கை சோம்பல் முறித்து எழுந்தது. அவன் ஓடிப் போய்ச் சம்மட்டியை எடுத்தான். எடுத்துக்கொண்டு போய் எங்காவது எறிந்துவிட. கால்வாயில், கிணற்றில், எங்கேயாவது. பிடி வழுவழுப்பாக, லேசான ஈரத்தோடு, பழைய இடத்தில் விரல்களை ஏந்திக்கொண்டது.

கதவு திறந்தது.

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"பட்டறைக்கு."

"லீவாச்சே. அதைக் கீழ வெச்சுட்டு உட்காருங்க. எனக்குத் தனியாக் கேக்க பயமா இருக்கு."

அவன் வைத்தான். ஏன் வைத்தான் என்று தெரியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில், காலருகே. அவள் எதிரே முக்காலியைப் போட்டு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். இயர்ஃபோனின் ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். இன்னொன்றை, செத்த காதை விட்டு, அவனுடைய வலது காதில், குழந்தைக்கு வைப்பதுபோலப் பதமாக வைத்தாள். கைபேசியை மடியில் வைத்துத் தட்டினாள்.

பீப்பாயின் மௌனம். ஆழமான, வட்டமான, எண்ணெய் வாடை அடிக்கிற மௌனம். வாடைகூட வந்தது. பிறகு தொண்டையின் குரல், பாட்டில்லாத வெறும் குரல். மச்சான், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத.

"அண்ணன்" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள். முகம் முழுக்கப் பூரித்தது. "அண்ணன்தாங்க. அதே சளி கட்டின குரல்."

நீ இழுக்குற. தாள் மடிகிற சத்தம்.

முதல் அடி.

தகட்டின் சத்தம் இல்லை அது. ஈரமான ஒன்று. அவள் புரியாமல் அவனைப் பார்த்தாள். காலடி. ஒயர் பிடுங்குகிற சத்தம். காலடி திரும்பி வந்தது. இரண்டு. மூன்று. நாலு.

கொசு பயந்துரும்டா.

அவள் அழவில்லை. மூச்சு மட்டும் நின்றது. பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. அவன் முகத்தில் இருந்து மார்புக்கு, மார்பில் இருந்து முட்டிக்கு, முட்டியில் இருந்து தரைக்கு.

அவனும் பார்த்தான்.

அவன் வலது கால் தட்டிக்கொண்டிருந்தது. நாலோடு நின்றிருந்தது. அந்த நீண்ட இடைவெளி முழுக்க, யாராலும் ஊகிக்க முடியாத அந்த இழுப்பு முழுக்கக் காத்திருந்து, சரியாக இறங்கியது. ஐந்து. அடி அதற்குப் பின்னால்தான் காதில் விழுந்தது. கால் முதலில், அடி பிறகு. ஆறு. ஏழு. தப்பித் தப்பி, குடிகாரன் நடைபோல விழுந்த அந்த ஒவ்வொரு அடிக்கும் கால் முன்கூட்டியே போய் இடம் பிடித்து வைத்திருந்தது. எட்டு. அவன் இரண்டு கையாலும் தொடையை அழுத்தினான். கால் நிற்கவில்லை. கேட்டவனுக்குத் தெரியாது அந்தத் தாளம். அடித்தவனுக்கு மட்டும் தெரியும்.

ஒன்பது.

அவள் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டு நிற்கவில்லை. குழாய்த் தண்ணீர். இழுபடுகிற குதிகால்கள். மணல். மணல். மணல். காங்கிரீட் கலவை சரிகிற சத்தம். பிறகு பிரஸ், போடுக்குப் போடு, வருஷம் வருஷமாக. பிறகு அது அடங்கி ஒரு மின்விசிறி முனகியது. சுற்றுக்கு ஒரு முனகல். குழாய் சொட்டியது. இந்த அறை. இரண்டு பேர் மூச்சு.

அவள் தன் காதில் இருந்ததைக் கழற்றினாள். எழுந்தாள். குனிந்தாள்.

அவன் எழ நினைத்தான். சொல்ல நினைத்தான். காதில், வெகு அருகில், ஒரு பெண்குரல் சீராகச் சொன்னது: ஒண்ணு.

எதிரே நின்றவளின் உதடு அசையவில்லை. இன்னும் அசையவில்லை.

பிறகு அசைந்தது.

"ஒண்ணு" என்றாள்.

முட்டி. தட்டிக்கொண்டிருந்த கால். சத்தம் முதலில் எங்கிருந்தோ வந்தது, வலி பின்னால். நாற்காலி கவிழ்ந்தது. தரை குளிர்ச்சி. கன்னத்தில் மண். இயர்ஃபோன் காதிலேயே இருந்தது, ஒயர் கைபேசியையும் இழுத்துக்கொண்டு வந்து முகத்துக்கு முன்னால் போட்டது.

காதில்: ரெண்டு.

"ரெண்டு."

கைவிரல்கள். பிடியின் பழைய இடம் அறிந்த விரல்கள்.

காதில் வேகம் கூடவில்லை. அறைதான் பின்தங்கியது. மூணு, நாலு என்று அது முன்னால் போனது. அறையில் அவள் இப்போதுதான் மூணு. விலா. வாயில் இரும்புச் சுவை. கைபேசித் திரை கண்ணுக்கு நேரே வெளிச்சம் போட்டது. புதுக் கருத்து. ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. வேண்டாம் என்றாலும் கண் கூட்டியது.

'இந்தத் தடவை...'

"நாலு."

தோள். ஏதோ ஒன்று உள்ளே தனியாகக் கழன்று சரிந்தது.

'இந்தத் தடவை இழுக்கவே...'

காதில் அது ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சு. ஆறு. ஏழு. நூல் பிடித்தாற்போல. நடுவில் ஓர் ஆணின் குரலுக்காக அவன் கூர்ந்து கேட்டான். தான் ஏதாவது சொல்வான் என்று. ஒரு சொல். ஒரு பெயர். எங்கும் அவன் குரல் இல்லை. எட்டு. ஒன்பது. பிறகு குழாய் திறந்தது. தண்ணீர் ஓடியது. யாரோ நிதானமாகக் கை கழுவினார்கள். தரையில் குதிகால்கள் இழுபட்டன, தூரமாக, இன்னும் தூரமாக. பிறகு, ஆழமான, வட்டமான அந்த மௌனம். அதற்குள்ளிருந்து, சளி கட்டின ஒரு குரல், பக்கத்தில் படுத்திருப்பவன் சொல்வதுபோல:

வா மச்சான்.

அறையில் அவள் இன்னும் நாலில்தான் நின்றிருந்தாள். சம்மட்டி மேலே போய்விட்டது. ஜன்னல் வெயில் அதன் இரும்பில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது.

நசுங்கிய முட்டிக்குக் கீழே அவன் வலது கால், யாருடையதோபோல, மெதுவாக எழுந்து அடுத்த அடிக்கு இடம் பிடித்தது.